நாற்பத்தொரு குன்றிமணி

வாரத்தில் ஆறு நாள் நான் நிறுப்பது
செம்பனைக் குலை லாரிகளை.
லாபிஸ் மில்லின் எடைமேடைக்குப்
பத்துக் கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.
ஓட்டுநர் குணாளன் இறங்காமல் உட்கார்ந்திருந்தால்
எண்பது கிலோ கூடும்.
இறங்கச் சொல்வேன். திட்டிக்கொண்டே இறங்குவார்.

ஞாயிற்றுக்கிழமை
சார்ஜன் ஹலிமின் மேசையில் இரண்டு குண்டுகள்.
மருந்தில்லை, கூடில்லை, வெறும் தலைகள்.
நகைக்கடைத் தராசில் ஒன்றை வைத்தார்: மூன்றரை கிராம்.
மற்றதை வைத்தார்: ஐந்து.
பெட்டியில் கிரேன் கணக்குப் போட்டிருக்கிறது,
ஐம்பத்தைந்து, எழுபத்தேழு என்று.
நான் மனசுக்குள் தங்கத்தின் கணக்குக்கு மாற்றிக்கொண்டேன்.
கனமானது நாற்பத்தொரு குன்றிமணி.
என் விரலில் கிடப்பதும் ஏறக்குறைய அவ்வளவுதான்.
ஐந்நூறு மீட்டருக்கு எறிய வேண்டிய மோதிரம்.

எங்கள் மன்றத்துத் துப்பாக்கிக்குப் பெயர் கொந்தோட்.
வாலறுந்த பூனையை மலாய்க்காரர்கள் அப்படித்தான் அழைப்பார்கள்.
வெள்ளம் வந்த வருடம் முனை துருப்பிடித்து,
சிகாமட்டில் அறுத்து நேராக்கியபோது
இருபத்தாறு அங்குலக் குழல் பதினாறாகத் திரும்பி வந்தது.
சுடும்போது பாதி மருந்து வெளியில்தான் எரிகிறது.
பகலிலேயே தெரியும் அந்த ஆரஞ்சுப் பூ.
காற்றுக்குக் கொடுக்கும் கூலி என்பார் கெங் ஹுவாட்.

அதனால்தான் லேசானதை எடு என்கிறார் அவர்.
குட்டைக் குழல், வேகமும் குறைச்சல்,
அதன் தலையில் சுமையை வேறு ஏன் ஏற்றுகிறாய்?
கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.
நாலு வருடம் கேட்டும் நடந்தேன்.

லேசானது வாசலில் பாய்கிற பையன்.
முந்நூறு மீட்டரில் மூச்சு வாங்கும்.
நானூறில், செம்பனை வரிசைகளின் சந்திலிருந்து
பக்கவாட்டில் வரும் காற்று
அதன் சட்டையைப் பிடித்து இழுத்துப் போய்விடும்.
கனமானது நீளம்.
மெதுவாகக் கிளம்பும்,
கிளம்பிய வேகத்தை யாருக்கும் சீக்கிரம் விட்டுக்கொடுக்காது.
குழலுக்குள் அதற்கேற்ற முறுக்கும் இருக்கிறது,
ஏழு அங்குலத்துக்கு ஒரு சுற்று.
அறுத்தாலும் முறுக்கு குறையவில்லை.

விழும், ஆமாம். அதிகமாகவே விழும்.
எவ்வளவு விழும் என்று நோட்டில் எழுதி வைக்க என்னால் முடியும்.
பூமி தவணை தவறாமல் இழுக்கிறது.
காற்றிடம் ரசீது வாங்கியவர் யார்?

பிற்பகல் இரண்டரை.
பழைய கல்குவாரியின் அந்தக் கரையில் வெள்ளைப் பலகை.
உரச்சாக்கைக் கிழித்துக் கட்டிய கொடிகளில்
ஒன்று இடது, ஒன்று வலது,
மூன்றாவது செத்துக் கிடந்தது.
என் முதல் தோட்டா மையத்துக்கு ஒரு முழம் கீழே,
பலகையின் காலடிச் செம்மண்ணைக் கிளப்பியது.
போன வாரத்து லேசான கணக்கிலேயே
குறிக்கண்ணாடியை விட்டிருந்தேன்.
பின்னால் யாரோ சிரித்தார்கள். தமிழில்தான் சிரித்தார்கள்.

பன்னிரண்டு சொடுக்கு ஏற்றினேன்.
இரண்டாவது உள்ளே.
மூன்றாவது உள்ளே.
நாலாவதற்கு மூச்சை விட்டு நிறுத்தியபோது
கொடிகள் மூன்றும் ஒரே பக்கம் எழுந்தன.
மழை ரயில் நிலையத்தைத் தாண்டியிருந்தது.
காற்றுக்கென்று இரண்டு சாண் ஒதுக்கி
விரலை அழுத்தினேன்.
நாலு விரற்கடை தள்ளி விழுந்தது.
அடுத்து கொந்தோட்டை வாங்கிய கெங் ஹுவாட்டின் லேசான குண்டு
பலகையின் மரச்சட்டத்தில் ஒரு சிலும்பை மட்டும் பெயர்த்துக்கொண்டு போனது.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
வானத்தைப் பார்த்தார், பிறகு என் தோட்டாப் பெட்டியை.

மூன்றாம் இடம். ஒரு ரைஸ் குக்கர்.
அந்த முதல் தோட்டாவை நினைத்து
இரவெல்லாம் புரண்டு படுத்தேன்.

திங்கட்கிழமை, முதல் லாரி வருமுன்
மோதிரத்தைக் கழற்றி
எடைமேடையின் நடுவில் வைத்துவிட்டு
அறைக்குள் ஓடிவந்து பார்த்தேன்.
பச்சை எழுத்தில் பூஜ்யம்.
வாசலில் குணாளன் ஹார்ன் அடித்தார்,
நான் குனிந்து அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.