கறுப்புத் துணிக்கு அப்பால் ஜொகூர்

ஸ்டேஷன் ஒர்வில் டி குரூஸுக்கு.
இரும்புப் பாலம் பூன் லியோங்குக்கு.
கேட்டார்கள், எடுத்துக்கொண்டார்கள்.
நான் கேட்பதற்குள் மிஞ்சியது
இரண்டுக்கும் நடுவில் ஒரு மீட்டர் இருபது.
எண்பத்தேழால் பெருக்கினால்
நூற்று நான்கு மீட்டர் லாலான் புல்.
ஒரு மதகு. வேறொன்றுமில்லை.
பட்டியலில் அதற்குப் பெயர்: இணைப்புத் துண்டு.

உபியில் நான்காம் மாடி,
கீழே கார்க் கதவு தட்டும் பட்டறை.
ஏழு மாதச் சனிக்கிழமைகள்.
மகள் ஒதுக்கிய கரடிப் பொம்மையைச் சிரைத்து
ரோமத்தை ஒட்டி, சாயம் ஊதி
புல் வளர்த்தேன்.
புல் வந்தது. மழைதான் வரவில்லை.
எதைச் சுருக்கினாலும் தண்ணீர் சுருங்காது:
என் விரலிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால்
அந்த ஊரில் அது பலாப்பழம்.
ஆகவே மதகின்மேல்
குடை விரித்த ஓர் ஆளை நிறுத்தினேன்.
மழையை அவன் பார்த்துக்கொள்வான்.

வெள்ளிக்கிழமை, தோ பாயோ.
கடைத்தொகுதியின் கீழ்த்தளத்தில்
பாதி விலைக் காலணிகளுக்குப் பக்கத்தில்
பதினான்கு பலகைகளையும் முடுக்கினோம்.
முதல் வண்டி ஒர்விலின் கொடிக்குப் புறப்பட்டு
என் எல்லையில் நுழைந்தது.
மூன்றாம் பெட்டி புல்லில் படுத்தது.

உபியில் நாற்பது சுற்று ஓடியதே!
உபியில் ஏர்கான் இல்லை.
இங்கே கூரையிலிருந்து குளிர் இறங்கி இறங்கி
பலகை இறுகி, தண்டவாளம் இறுகி
பன்னிரண்டு மில்லிமீட்டர் அகலப் பாதையில்
ஒரு நகக்கண் இடைவெளி.
பதினாறு வருடமாய்
ஏர்கான் சர்வீஸ் பார்ப்பவன் நான்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
ஹஸ்னா மட்டும் சிரித்தாள், அதுவும்
குனிந்து ஸ்பேனர் எடுப்பதுபோல.

போல்ட்டை முறுக்கி
தோற்றுப்போன ஃபோர்டி சீட்டை நாலாக மடித்துக்
காலடியில் கொடுத்ததும் சரியாயிற்று.
மறுபடி எப்போது விழும் என்று
ஒரு பையன் முக்கால் மணி நேரம் நின்றான்.
விழாததில் அவனுக்கு வருத்தம்.
பாலத்தைப் படம் பிடிப்பவர்களின் முழங்கை
என் புல்லின்மேல்.

ஞாயிறு இரவு, மூடும் நேரம்.
உணவங்காடிச் சீருடை,
பெயர்ப்பட்டையில் சசிரேகா,
கையில் கட்டிய சோறு.
"அண்ணே, இது எங்க போவுது?"
ஜொகூருக்கு என்றேன்.
"நானும் அங்கதான். கிராஞ்சி போயி
நூத்தியெழுவது புடிச்சி,
பாலத்துல நின்னு நின்னு... இதுல ஏத்திவிடுங்க."

ஜொகூர் எங்களுக்கு
இரண்டு மீட்டர் கறுப்புத் துணி.
வண்டி அதில் நுழையும், கொஞ்சம் கழித்து
வேறு வண்டியாய்த் திரும்பி வரும்.
அந்தப் பக்கம் யாரையும் விடுவதில்லை, கிளப் விதி.
ஹஸ்னா துணியைத் தூக்கிக் காட்டினாள்:
பிளாஸ்டிக் நாற்காலி, பாதி கறிபஃப்,
ஆறு தடத்தில் பதினோரு வண்டி
மூக்கோடு வால் உரசி
முறைக்குக் காத்துக் கிடந்தன.

"அட, இங்கயும் ஜாமா!"

சொல்லிவிட்டு ஓடிவிட்டாள்.
நாங்கள் மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.
பிறகு யாரும் எதுவும் பேசவில்லை, கொஞ்ச நேரம்.

கடைசி ஓட்டம் எனக்குத் தந்தார்கள்.
நிஜ வண்டியின் வேகத்தில்தான் விட்டேன்.
லாலானைக் கடக்கப் பதினோரு விநாடி.
அவள் இன்னும் எம்ஆர்டி மேடைக்கே
போயிருக்க மாட்டாள்.

மின்சாரத்தை அணைத்தோம்.
பாலம் பஞ்சுப் பெட்டிக்குள் போயிற்று.
ஸ்டேஷனை நான்கு பேர் தூக்கினார்கள்.
என் துண்டை நானே கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்,
குடைக்காரனைப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டு.

சரக்கு வாசலில் லாரி நின்றது,
தார்ப்பாய் பாதிக்குத்தான் எட்டியது.
ஒன்றுக்கு ஒன்று அளவில்
மழை.