ஒரு முழம்

வயோமிங் காற்றுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது.
ஜூன் பத்தாம் தேதி வேனை விட்டு இறங்கிய எட்டுப் பேரில்
நாலு பேர் தொப்பி முதல் மணி நேரத்திலேயே
நெப்ராஸ்கா பக்கம் போய்விட்டது.

வேலை இதுதான்:
எப்போதோ யாரோ செம்மறிகளுக்காக இழுத்த வேலி,
அதன் அடிக்கம்பி தரையோடு தரையாக, முள்ளோடு.
பிடுங்கிவிட்டு முள்ளில்லாத கம்பியை
ஒரு முழம் உயர்த்திக் கட்ட வேண்டும்.
கவைக்கொம்பு மான்கள் தாவுவதில்லை.
எங்கள் வேனை முந்தி ஓடும்,
வேலி வந்தால் மண்டியிட்டு, நுழைந்து,
முதுகு மயிரை முள்ளுக்குக் கொடுத்துவிட்டுப் போகும்.
"ஓடத் தெரியும், தாவத் தெரியாதா!" என்று ஆர்லோ சிரித்தான்.
எனக்கு நீந்தத் தெரியாது.
நான் சிரிக்கவில்லை.

அளவு நாடா முதல் வாரமே தொலைந்தது.
மாரிசெல்லின் முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை
சரியாகப் பதினெட்டு அங்குலம்.
ஒவ்வொரு கம்பத்தடியிலும் குப்புறப் படுத்து
முழங்கையை மண்ணில் ஊன்றுவாள்,
பூமியோடு பலம் பார்க்கிறவள் போல.
"யார் ஜெயிச்சது?" என்பார் ஹாலிஸ்,
எங்கள் தலைவர், வயது இருபத்துமூன்று,
மூக்கில் எப்போதும் வெள்ளைக் களிம்பு.

கம்பத்துக்கு ஐந்து கவ்வாணி.
பிடுங்கியதை எண்ணித் தகரடப்பாவில் போட வேண்டும்.
புல்லோடு ஒன்று போனாலும்
மாட்டின் வயிற்றில் கிடந்து கிடந்து
ஒருநாள் இதயத்தைத் தொடும் என்றார்கள்.

மூன்றாம் வாரம், வியாழன் மாலை, பதினொன்று குறைந்தது.
அன்று டப்பா ஆர்லோவிடம்.
நான் கத்தினேன்.
வெயில், உதட்டு வெடிப்பு, தினமும் வேர்க்கடலை வெண்ணெய்,
எல்லாவற்றையும் சேர்த்து அவன்மேல் கத்தினேன்.
இருட்டும்வரை அவன் மட்டும்
சேஜ் புதர்களுக்கிடையே தவழ்ந்து தேடினான்.
நெற்றிவிளக்கு ஒன்று அங்குமிங்கும் அலைந்தது.
நான் கூடாரத்தின் ஜிப்பை இழுத்துவிட்டேன்.

காலையில் அவன் இல்லை.
அம்மா கூப்பிட்டாள் என்றான் ஒருவன்.
குன்றின் உச்சியில் தவிர போன் எடுக்காத இடம் அது.
கையுறைகளை விட்டுப் போயிருந்தான்.
என்னுடையது கிழிந்திருந்ததால் மாட்டிக்கொண்டேன்.
அவன் விரல்கள் மடங்கிய இடங்களில் தோல் மடங்கியிருந்தது.
என் விரல்கள் குட்டை.
ஒவ்வொரு நுனியிலும் கொஞ்சம் காலியிடம்.

ஜூலை விடுமுறையில் லேண்டர் ஊரில்
காசு போட்டுத் துணி துவைக்கும் கடை.
இயந்திரத்தின் வயிற்றுக்குள் கடகட, கடகட.
கடைக்காரி திரும்பிப் பார்த்தாள்.
நிறுத்தி, கதவைத் திறந்து,
ஈரக் கால்சட்டைப் பைக்குள் கைவிட்டேன்.
எண்ணவே வேண்டியதில்லை.
ஆனாலும் எண்ணினேன்.

யாரிடமும் சொல்லவில்லை.
அதன்பிறகு கம்பத்துக்குக் கம்பம்
இரண்டு முறை எண்ணினேன், உதடு அசையாமல்.
மாரிசெல் ஒருநாள் கேட்டாள், "ஜெபமா?"

ஆகஸ்ட் கடைசியில் ஒரு பெண்மான் வந்தது,
இரண்டு குட்டிகளோடு, காற்றுக்கு எதிராக.
வேலியோரமாகவே நடந்தது.
நாங்கள் உயர்த்திய நாற்பது கம்பங்களைத் தாண்டி,
பழைய குழி இருந்த இடத்தில் நின்று,
முன்னங்கால் மடக்கி, வயிறு தேய நுழைந்தது.
குட்டிகளுக்கு எந்த இடமும் தெரியாது.
நின்ற இடத்திலேயே தலையைத் தாழ்த்தி
அந்தப் பக்கம் போய்விட்டன.
நாங்கள் சுத்தியலோடு உட்கார்ந்திருந்தோம்.
ஹாலிஸ் எதுவும் சொல்லாதது நல்லதாயிற்று.

ஊர் திரும்பிய திங்களன்று தபால் நிலையம் போனேன்.
கடிதம் எழுதிப் பார்த்தேன், மூன்று முறை, வரவில்லை.
கையுறைகளை மட்டும் மடித்து வைத்தேன்.
பதினொன்றையும் முதலில் கட்டைவிரலுக்குள் போட்டேன்,
குத்திவிடுமே என்று எடுத்து
காபித்தூள் உறையில் சுற்றி வைத்தேன்.

தராசில் வைத்துவிட்டு அந்த அம்மாள்
எல்லோரிடமும் கேட்பதைக் கேட்டாள்:
உடையக்கூடியது, திரவம், ஆபத்தானது
ஏதாவது உள்ளே இருக்கிறதா?

ஆணிகள் என்றேன்.
பதினொன்று.
என்னிடம்தான் இருந்தன.