திங்கட்கிழமை, வெறுங்கை

ஆஸ்ட்ராவாவில் என் கசாப்புக்கடைக்குத் திங்கள் விடுமுறை.
ஆனாலும் ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது.
கூடத்துத் தொட்டியில் விளக்கைப் போட்டதும்
ஐந்து தட்டுகள் கண்ணாடிக்கு வந்து முட்டுகின்றன:
நீலம் இரண்டு, செங்கல் நிறத்தில் இரண்டு,
வரிகள் கலைந்த கிழவன் ஒருவன்.
மார்ச் வரை ஆறு.

முப்பத்தோரு வருடம் இந்தத் தொழில்.
லாரியிலிருந்து இறங்கும் எந்த மாடும்
என் வாடை பட்டால் பின்காலில் நிற்கும்.
பக்கத்து வீட்டு நாய்கூட எலும்பைத்தான் பார்க்கும்,
என்னைப் பார்க்காது.
இந்தக் கையைக் கண்டு கிட்டே வந்த பிராணிகள்
இவை மட்டும்தான்.

அதனால் கொடுத்தேன்.
கடையில் மிஞ்சிய மாட்டு இதயம்,
நரம்பு நீக்கி, ஜவ்வு உரித்து, இருமுறை அரைத்து
காலையில் ஒரு கரண்டி, மாலையில் ஒரு கரண்டி,
தூக்கம் வராத இரவில் இன்னும் ஒன்று.
"பெற்ற பிள்ளைகளுக்கு ஒருநாள் ஊட்டியதில்லை"
என்றாள் யார்மிலா. உண்மைதான்.

வளர்ந்தன, பளபளத்தன.
வந்தவர்கள் எல்லாரும் மெச்சினார்கள்.
கொழுத்தது எதுவானாலும் மெச்சும் ஊர் இது.

மார்ச்சில் பெரியவள் ஒரு மூலையில் ஒதுங்கினாள்.
நிறம் கறுத்தது. பின்னால் வெள்ளை நூல் ஒன்று
அறுபடாமல் தொங்கியது.
நான்காம் நாள் மிதந்தவளை எடுத்துப் பலகையில் கிடத்தி
(எனக்கு வேறென்ன தெரியும்)
மெல்லிய கத்தியால் வயிற்றைத் திறந்தேன்.
ஈரல் வெளிறி, வெண்ணெய் மஞ்சளாக,
விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.
கடையில் இப்படி ஓர் ஈரலைக் கண்டால்
பேச்சில்லாமல் கழிவு வாளியில் எறிவேன்.
அன்று கத்தியை வைத்துவிட்டு
நாற்காலியைத் தேடினேன்.

மீன்கடைப் பெண் ஷார்காவுக்கு இருபத்துநான்கு வயது,
மூக்கில் வளையம்.
"இது பிறந்த ஆற்றில்
எத்தனை மாடுகளைத் தின்றிருக்கும்?" என்று கேட்டாள்.
பிரான்யா மீனை வைத்து ஒரு பதில் நுனிநாக்கு வரை வந்தது.
விழுங்கிக்கொண்டேன்.
மாட்டுக் கொழுப்பு இதன் உடம்பில்
வெளியேறும் வாசல் தெரியாத விருந்தாளியாம்.

சுரங்கம் இறங்கி உண்டான பள்ளத்துக் குளத்திலிருந்து
ஒரு ஜாடி நிறையத் தண்ணீர்ப்பூச்சி பிடித்துப் போனேன்,
உயிருள்ள தீனி நல்லதென்று.
"அந்தக் குளத்தில் மீன் இருக்கிறதா?"
"நிறைய."
"அப்படியானால் அவற்றின் நோயும் இந்த ஜாடியில் இருக்கும்."
ரோஜாச் செடிக்கு ஊற்றிவிட்டேன்.

இப்போது அரைப்பது
ஓடு உரித்த இறால், முள்ளெடுத்த வெள்ளை மீன்,
வெந்நீரில் காட்டிய கீரை, பாசிப்பொடி,
ஒரே ஒரு பல் பூண்டு.
உப்பு போடக் கை போகும், பிடித்துக்கொள்வேன்.
தட்டையாகப் பரப்பி உறையவைத்து
நகத்தளவு உடைப்பேன்.
ஐந்து நாள் தொடவில்லை.
வாயில் வாங்கித் துப்பின. திரும்பி என்னைப் பார்த்தன.
அந்த ஐந்து நாளும் கடையில்
இதயம் கேட்டு வந்தவர்களுக்கு முகம் கொடுக்காமல் நிறுத்தேன்.
ஆறாம் நாள் கிழவன் ஒரு துண்டை மென்றான்.
மற்றவை அவன் வாயைப் பார்த்துவிட்டு வந்தன.

மூன்று நிமிடத்தில் தின்னாததைக்
குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.
திங்கட்கிழமை கடைக்கும் விடுமுறை, குடலுக்கும்.

அதுதான் கடினம்.
விளக்கைப் போட்டதும் வருகிறார்கள்.
இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுகிறேன்.
போகவில்லை.
உள்ளங்கையைக் கண்ணாடியில் பதிக்கிறேன்,
கிழவன் ரேகை ரேகையாகக் கொத்திப் பார்க்கிறான்.
பசியா, பழக்கமா, வேறேதாவதா,
தெரிந்துகொள்ள வழியில்லை.

காப்பி ஆறுகிறது என்கிறாள் யார்மிலா.

செவ்வாய் காலை எட்டு மணிக்கு
ஆளுக்கு ஒரு நகத்தளவு.
அதற்குமேல் அன்பு மிஞ்சினால்
வாளியை எடுத்து
தண்ணீர் மாற்றுகிறேன்.