காலவரம்பு

தேவகோட்டையில் கூரை உயர்ந்த வீடுகளில்
பேச்சு மூன்று முறை கேட்கும்.
ஆத்தங்குடிக் கல்லில் ஒரு முறை,
எதிர்ச்சுவர் முட்டைப்பூச்சில் ஒரு முறை,
கடைசியாக, பேசியவரே மறந்தபின், முற்றத்துத் தகரத்தில்.
அதனால் பெரிய பெட்டி வைக்காமல்
தூணுக்குத் தூண் சின்னதாக எட்டு கட்டினேன்.
நூற்றெண்பது நாற்காலி, இரண்டு கை மைக்,
ஒன்று மேடைக்கு, ஒன்று கேள்விக்கு.

பேனரில் ‘உரிமையியல் சட்டமும் நீதியும்’.
போன கருத்தரங்கு ‘ஒப்பந்தமும் அறமும்’.
அந்த ஒப்பந்தத்துக்கும் அறத்துக்கும் சேர்த்து
பதினோராயிரத்து நானூறு பாக்கி.
செயலர் சாத்தப்பன் என்னைப் பார்த்ததும்
செல்போனில் பேசுகிறவர் ஆகிவிடுவார்.

பேராசிரியர் மங்களேஸ்வரி மதுரையிலிருந்து வந்திருந்தார்.
மைக்கை விரலால் தட்டாதவர்.
அதற்கே அவரைப் பிடித்துப்போனது.

“அரசாங்கம் கொஞ்சம் தள்ளி நிற்கிற சட்டம் இது,
ஒரு ஆளுக்கும் இன்னொரு ஆளுக்கும் நடுவில்.
எடுத்த கை எதுவோ அதுதான் கொடுக்க வேண்டும்.
ஊரே கூடிக் கொடுத்தாலும் அது தர்மம், நீதி இல்லை.”
நான் ட்ரெபிளைக் குறைத்தேன்.
சாத்தப்பன் முதல் வரிசையில் தலையாட்டினார்,
குறிப்பெடுத்தார்,
என் நாற்காலியில் உட்கார்ந்து.

பிறகு காலவரம்பு வந்தது.
கடனுக்கு மூன்று வருடம்.
அதற்குள் எழுத்தில் ஒப்புக்கொண்டால்
கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து.
ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு
விரல் விட்டு எண்ணினேன்.
என் பாக்கிக்கு மூன்று வருடம் இரண்டு மாதம்.
ஆனால் போன வருஷம் ஆடியில் ஒரு செய்தி அனுப்பினார்,
‘பாத்துக்கலாம் தம்பி’, கூடவே ஒரு கும்பிடு படம்.
பாத்துக்கலாம் என்பது ஒப்புதலா?
கும்பிடு கையெழுத்தாகுமா?

கேள்வி நேரம் என்றார்கள்.
மைக் என் கையில்தான் இருந்தது,
பச்சை விளக்கு எரிய.
பின்வரிசையில் ஒரு சட்டக் கல்லூரிப் பெண் கை தூக்கினாள்.
நடந்துபோய்க் கொடுத்தேன்.

“மூன்று வருடம் ஆனால் கடன் செத்துப்போகுமா மேடம்?”

“இல்லை. வழக்குத்தான் சாகும்.
கடன் அப்படியே இருக்கும்,
கேட்க ஒரு வாசல் இல்லாமல்.”

எட்டுப் பெட்டியிலும் அது ஒரே அளவில் வந்தது.
எட்டில் இரண்டு என்னுடையது இல்லை.
கல்லல் சவரிமுத்துவிடம்
ஒரு திருவிழாவுக்கென்று வாங்கியவை.
நாலு வருடம் முடிந்துவிட்டது.
அவர் எதையும் எழுதி வாங்கவில்லை.
இரண்டு தடவை போனில் கேட்டார்.
மூன்றாவது தடவை கேட்கவில்லை.

பொன்னாடை, நன்றியுரை, சுண்டல்.
சாத்தப்பனிடம் புது பில்லையும் பழைய பில்லையும்
ஒரே குண்டூசியில் குத்திக் கொடுத்தேன்.
பாக்கி உண்டென்று இதில் எழுதிக் கொடுங்கள் என்றேன்.
பேனா இல்லையே என்றார்,
குறிப்பெடுத்த பேனா சட்டைப்பையில் தெரிய.
பிறகு அவரே பார்த்துச் சிரித்து
எழுதினார்,
தேதி போடாமல்.

ரஸ்தாவில் வண்டியை ஓரங்கட்டினேன்.
மணி பத்தேகால். கல்லல் பாதையில் விளக்கில்லை.
பின்னால் நாற்காலிகள் ஒன்றோடொன்று முணுமுணுத்துக்கொண்டிருந்தன.
சவரிமுத்துவுக்கு அடித்தேன்.
எடுத்தார்.
“யாரு?” என்றார்.
என் நம்பரை அழித்திருக்கிறார்.

பெயரைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்.
தொண்டையைச் செருமி, பழக்கதோஷத்தில்,
“ஹலோ… ஹலோ… மைக் டெஸ்ட்டிங்” என்றேன்.