திறக்கிற அளவு

படலை முப்பத்தாறு அங்குலம். எழுதினேன்.
வாசற்கதவு முப்பத்திரண்டு. எழுதினேன்.
கக்கூஸ் வாசலில் டேப்பை இழுத்தபோது
"நிலையை அளக்காதையுங்கோ பிள்ளை,
கதவு முழுக்கத் திறக்காது.
திறக்கிற அளவை எடுங்கோ" என்றாள் நிரஞ்சலா.
இருபத்துமூன்றரை.
அவளுடைய சில்லுக்கதிரை இருபத்தைந்து.

நான் கேட்கவில்லை,
வினாக்கொத்தில் அப்படியொரு கேள்வி இல்லை.
அவளே காட்டினாள்:
கதிரையைக் கதவடியில் விட்டுவிட்டு
கைகளை நிலத்தில் ஊன்றி
ஏழு தரம் தன்னை இழுத்துக்கொண்டு போகும் தூரம்.
சீமெந்துத் தரை அந்த இடத்தில் மட்டும்
வழுவழுவென்று மினுங்கியது.

கொக்குவில், ரயில் பாதைக்குப் பின்னால் ஒழுங்கை.
ஒரே வளவுக்குள் திட்டத்துக்கு எடுத்த இரண்டு வீடுகள்.
மற்றதில் றெஜினோல்ட், குருநகர் ஆள், காது கேளாது.
படலை மணியை அமத்தினால்
அவர் அறையில் சிவப்பு பல்ப் ஒன்று எரியும்.
கரண்ட் இல்லாத நேரம்
அவர் வீட்டுக்கு ஒருவரும் வருவதில்லை.

வாடகை இருபதினாயிரம்.
அதில் உதவித்தொகை பன்னிரண்டு.
உதவி தொடங்க முந்தி?
"பதினாலு" என்றாள் குரலைத் தாழ்த்தி;
மதிலுக்கு அங்கால் பாலேந்திரா
வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.
"நல்ல மனிசன்தான்.
காசு வருதெண்டு அறிஞ்ச மாசம்தான்
அவருக்குச் சாமானெல்லாம் விலை ஏறினது."
ஓரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
பன்னிரண்டில் ஆறு
மதிலேறி அங்கால் போயிருந்தது.

சாய்தளம்: உண்டு, இல்லை.
உண்டு. ஒரு பலகை.
கட்டினால் சுவர் வெடிக்குமாம்.
ஐப்பசி பிறந்தால் பலகை ஊறி வழுக்கும்,
மழை வரமுந்தி உள்ளே இழுத்துவிட வேண்டும்.
ஆர் இழுக்கிறது?
கட்டில் காலடியில் ஒரு சுவிட்சைக் காட்டினாள்.
வயர் ஓட்டைக்குள்ளால் போய்ப்
பக்கத்து வீட்டுச் சிவப்பு பல்பில் முடிகிறது.
வயர் காசு அவளுடையது, வேலை றெஜினோல்டுடையது.
"ஒருக்கா அமத்தினா பலகை.
ரெண்டுதரம் அமத்தினா நான் விழுந்துபோனன்."
அவருக்கு வருகிற போனெல்லாம் இவள்தான் கதைப்பாள்:
கிளினிக், மின்சாரசபை,
மட்டக்களப்பிலிருந்து கோபமாய் ஒரு தமக்கை.

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
'ஆதரவுச் சேவை: செவ்வாய்தோறும், சர்மிளி'
என்று ஏற்கெனவே அச்சடித்திருந்தது.
சரி போட்டேன்.
"செவ்வாய் எண்டு என்ரை சலப்பைக்குத் தெரியாது"
என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்,
பிறகு நிறுத்தினேன்.

கடைசிக் கேள்வி.
திருப்தி எவ்வளவு, ஒன்றிலிருந்து ஐந்துக்குள்?

அவள் அவசரப்படவில்லை.
"அஞ்சு போட்டா, காணும் எண்டு நிப்பாட்டுவியள்.
ஒண்டு போட்டா, பிரயோசனமில்லையெண்டு நிப்பாட்டுவியள்.
மூண்டு போடுங்கோ."

எழும்பும்போது கேட்டாள்,
அறிக்கையை வாசிக்கத் தருவீர்களா என்று.
ஆங்கிலத்தில் இருக்கும் என்றேன்.
"பறவாயில்லை, அந்த இருபத்துமூண்டரையை
ஒருக்காக் காட்டுங்கோ. இலக்கம் வாசிப்பன்."

கந்தோரில் கணினி அரையை ஏற்கவில்லை,
இருபத்துநாலு என்று தானே திருத்திக்கொண்டது.
மூன்று முறை அடித்தேன்.
குறிப்புகள் பகுதியில் எழுதப் போனால்
இருநூறு எழுத்துக்கு மேல் விடாது.
சுவிட்சை எழுதவா, தரையை எழுதவா?
தரையை எழுதினேன்.

நாற்பத்தொரு வீடுகள்.
சராசரித் திருப்தி, மூன்று.
"எல்லாரும் ஒரே இலக்கம் சொல்லியிருக்கினம்,
தரவிலை பிழையோ?"
கூட்டத்தில் கேட்டார்கள்.
இல்லை, அளந்தது நான்தான் என்றேன்.

வெளியே மழை பிடித்துவிட்டது.
கொக்குவிலில் இப்போது கரண்ட் இருக்கிறதா என்று
யாரிடமாவது கேட்க வேண்டும்போல் இருந்தது.