ஏழாம் கருவி

கோண்டாவிலில், ரயில் கடவைக்குப் பின்னால்
வாடகை அறையின் கதவைச் சாத்திவிட்டு
ஒவ்வொரு நாளும் எட்டு மணித்தியாலம்
போர்னியோவைக் கேட்கிறேன்.

மரங்களில் கட்டிவைத்த பன்னிரண்டு ஒலிப்பதிவுக் கருவிகள்.
மழை, தவளை, இருவாச்சியின் இறகடிப்பு,
பிறகு நீளமாய் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லைக்குள்தான் எனக்குச் சம்பளம்:
ஓராங்குட்டான் கூப்பிட்டால் ஒரு கோடு,
மரம் அரியும் வாள் கேட்டால் ஒரு கோடு.
நான் கேட்பது பத்து நாள் பழைய காடு.

"குரங்கு படிக்கப் போய்க் காய்ச்சலோட வந்தவள்"
என்பது ஒழுங்கையில் என் பெயர்.
வாலில்லை அன்ரி, குரங்கில்லை என்று
ஒருமுறை மதிலால் எட்டிச் சொன்னேன்.
"வாலில்லாட்டி மனிசரோ?" என்றா கமலரூபி அன்ரி.
அங்கத்தைய ஆக்கள் அப்படித்தான் சொல்லினம், காட்டு மனிசர் எண்டு.
அவ சிரிக்கவில்லை.
ஐந்து முருங்கைக்காய் தந்தா.

இரண்டு வருடம் இடுப்பளவு தண்ணீரில் நின்றேன்,
தேத்தண்ணீர்ச் சாயத்தில் ஒரு சதுப்பு.
லிதுங் முன்னால், நான் பின்னால், கழுத்து மேலே.
ஒரு தாயை விடியலிலிருந்து தொடர்வது:
என்ன தின்றாள், எத்தனை நிமிடம்,
எந்தக் கிளையில் சும்மா இருந்தாள்.
குட்டிக்குப் பெயர் வைக்கும் முறை எனக்கு வந்தது.
வடலி என்றேன்.
லிதுங்கின் வாயில் அது வாடாலி ஆகி
படிவத்திலும் அப்படியே நின்றுவிட்டது.

அந்திபட்டால் கிளைகளை மடக்கிக்
கொஞ்ச நேரத்தில் கூடு கட்டிவிடுவாள்.
ஓர் இரவுக்கு. நாளைக்கு வேறு மரம்.
விட்டுப்போன கூட்டுக்கு நாங்கள் வயது போடுவோம்:
ஒன்றாம் வகை, இலை பச்சை.
மூன்றாம் வகை, இலை பழுப்பு, ஓட்டை.
ஐந்தாம் வகை, சுள்ளி மட்டும், நடுவால் வானம்.

பலாலி வீதியால் பஸ்ஸில் போகும்போது
கூரையில்லாத ஒரு வீட்டைக் கண்டு
என் வாய் தானாகச் சொன்னது: ஐந்து.
சில்லறை கேட்கிறேனாக்கும் என்று
பக்கத்திலிருந்தவர் ஐந்து ரூபாய்க் குற்றியை நீட்டினார்.

வளர்ந்த ஆண் அந்தியில் எந்தத் திசை பார்த்துக் கூப்பிடுமோ
மறுநாள் அந்தப் பக்கம்தான் போகும் என்பார்கள்.
எனக்கு நாலு வயதில், ஐப்பசி மாலை,
ஒலிபெருக்கி ஒழுங்கை ஒழுங்கையாய் வந்து
போகவேண்டிய திசையைச் சொன்னதாம்.
எனக்கு நினைவிருப்பது மழை,
சைக்கிள் கரியரில் கட்டிய அரிக்கன் லாம்பு,
பாலத்தில் ஒருவரும் நகராதது.
இதை எழுதப் படிவத்தில் இடமில்லை.
வேண்டாம். அவை வேறு, நாங்கள் வேறு.

போன கிழமை, ஏழாம் கருவி, பின்னேரம் நாலு பத்து: வாள்.
கோடு போட்டேன். இன்னொரு கோடு.
திரையில் அலை எழும்பவேயில்லை.
காதிலிருந்ததைக் கழற்றினால்
பக்கத்துக் காணியில், கனடாக்காரரின் புது வீட்டுக்கு
வேம்பை அரிகிறார்கள்.
இரண்டு கோட்டையும் அழித்துவிட்டுத் திரும்ப மாட்டினேன்.
நாலு பத்தொன்பதுக்குத் திரை
பல்லுப் பல்லாய் எழும்பியது.
இது அங்கே.

லிதுங்குக்குச் செய்தி அனுப்பிவிட்டு
சந்திக் கடையில் இரண்டு வடை வாங்கினேன்.
"தேங்காயெண்ணெய் விக்கிற விலையில
இது பாம் ஒயில்தான் தங்கச்சி" என்றார், ஒளிக்காமல்.
எந்தக் காட்டை வெட்டி நட்ட செம்பனை என்று
எண்ணெய்க்குத் தெரியாது.
எனக்குக் கொஞ்சம் தெரியும்.
பசி. இரண்டையும் தின்றேன்.

மூன்று நாள் கழித்துப் பதில்:
அடிக்கட்டை மூன்று. ஆட்கள் இல்லை. ரோந்துக்குச் சொல்லியாயிற்று.
நூறடி தள்ளி ஒரு கூடு.
பக்கத்தில் சின்னதாய் இன்னொன்று,
கட்டிப் பழகியது போல, கோணலாய்.
இரண்டிலும் இலை பச்சை.

வாளுக்குப் பிறகு வந்தவை.
யாரென்று அவன் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.
ஒன்றாம் வகை, இரண்டு, என்று பதிந்தேன்.
வெளியே வேம்பின் கடைசித் துண்டை
லாண்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.
எட்டாம் கருவியைத் திறந்தேன்.
மழை.