பதினேழாம் கட்டம்

திங்கட்கிழமை பத்து மணிக்குள்
இருபத்திரண்டு குறுஞ்செய்திகள் வர வேண்டும்,
ஷிரே ஆற்றின் இரு கரையிலிருந்தும்.
அவற்றைக் கட்டத்தில் இடுவது என் வேலை.

பெரும்பாலும் சுழி.
வயிற்றுப்போக்கு சுழி, அம்மை சுழி,
காரணம் தெரியாத சாவு சுழி.
சுழிக்கும் சம்பளமா என்பார்
கணக்குப் பிரிவு கோண்ட்வே.
சுழி சும்மா வராது சார்,
ஒருத்தி வீடு வீடாக நடந்தால்தான் வரும்.

பதினேழாம் எண் எனெலெசி.
முகம் பார்த்ததில்லை.
அவள் ஊரில் கரையான் புற்றின் மேல் ஏறினால்தான்
சிக்னல் கிடைக்கும் என்று தெரியும்.
ஒருமுறை மூன்று சுழிகளுக்குப் பின்னால்
"புற்றில் பாம்பு, அதனால் தாமதம்"
என்று அனுப்பியிருந்தாள்.

புயலுக்கு அடுத்த திங்கள்
பதினேழில் ஒன்றுமில்லை.
சுழிகூட இல்லை.

அழைத்தேன். அணைந்து கிடந்தது.
பைக்குக்குப் பெட்ரோல் மாதக் கடைசியில்தான்.
வெறுங்கட்டத்துக்கெல்லாம் வண்டி விட்டால் என்று தொடங்கிய கோண்ட்வே
முடிக்கவில்லை.
ஐந்து லிட்டருக்குக் கையெழுத்துப் போட்டார்,
தன் பெயரில், கடனாக.

பாதி வழி பைக், மீதி தோணி.
நீர்யானை இருக்கிறது, பேசாதீர்கள் என்றான் தோணிக்காரன்.
பேச என்னிடம் என்ன இருந்தது.

பள்ளிக்கூடத் தரை முழுக்கப் பாய்கள்.
கையேட்டில் அரிசி கழுவிய தண்ணீர்போல என்றிருக்கும்.
இங்கே அரிசி ஏது.
சோளம் ஊறிய தண்ணீர் மாதிரி என்றாள் ஒரு தாய்,
வாளியை முந்தித் துணியால் மறைத்தபடி.

கரும்பலகையில் சாக்கட்டியால்
2.
அதை அடித்து 5.
அதை அடித்து 9.

செல்போன் கோபுரம் சாய்ந்துவிட்டது,
போனும் நனைந்து செத்தது,
திங்கட்கிழமை ஆயிற்றே,
அதனால் இதில் எழுதினேன் என்றாள் எனெலெசி.
குள்ளம். இடது காலில் மட்டும் செருப்பு.

குளோரின் போயிற்று, உப்புக்கரைசல் போயிற்று.
ஒன்பது, பதினொன்றோடு நின்றது.
அதில் இருவர்...
அதற்குத் தனிக் கட்டம்.

இப்போது கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.
பதினேழு சிவப்பாக எரிகிறது:
உரிய நேரத்தில் தகவல் வரவில்லை.
தகவல் வந்த நாள் என்ற இடத்தில்
திங்கள், காலை பத்து என்று அடிக்கிறேன்.
எடுத்துக்கொள்ள மறுக்கிறது.
மறுபடி அடிக்கிறேன்.